இஎஸ்பி32 + 2.8 அங்குல டிஎஃப்டி: வெள்ளைத் திரை மட்டுமே வருகிறது, சில சமயம் போர்டே பூட் ஆவதில்லை

புதுச்சுற்று எழுதியது:

வணக்கம். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றுக்கு முன்மாதிரி செய்கிறேன். ஒரு சென்சார், ஒரு ரிலே, மூன்று பட்டன். திரையில் இப்போதைய வெப்பநிலை, செட் செய்த அளவு, ரிலே நிலை ஆகியவை தெரிய வேண்டும். பிறகு தமிழிலும் எழுத்து வர வேண்டும்.

போர்டு: 38 பின் இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) டெவ் போர்டு. திரை: 2.8 அங்குலம், 240×320, ஐஎல்ஐ9341 (திரையை இயக்கும் கன்ட்ரோலர் சிப்), டச் உள்ள சிவப்பு போர்டு, எஸ்பிஐ இணைப்பு. லைப்ரரி: டிஎஃப்டி_இஎஸ்பிஐ. பிரெட்போர்டில் 20 செ.மீ. ஜம்பர் வயர்கள்.

விசிசி – 3.3 வோல்ட்
ஜிஎன்டி – ஜிஎன்டி
சிஎஸ் – 15
ரீசெட் – 4
டிசி – 35
எஸ்டிஐ (மோசி) – 23
எஸ்சிகே – 18
எல்இடி – 32
எஸ்டிஓ (மிசோ) – 12
டச் பின்கள் இணைக்கப்படவில்லை.

திரை மங்கலான வெள்ளையாக ஒளிர்கிறது, அவ்வளவுதான். கம்பைல், அப்லோட் இரண்டிலும் எந்தப் பிழையும் இல்லை. இன்னொரு சிக்கல்: பவர் கொடுத்தால் சில நேரம் போர்டு ஸ்டார்ட் ஆவதே இல்லை. திரையின் வயர்களைக் கழற்றினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. திரை பழுதா, போர்டு பழுதா?

---

டேட்டாஷீட்தாசன்:

இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். உங்கள் பின் பட்டியலிலேயே மூன்று சிக்கல் இருக்கிறது.

முதலாவது டிசி. இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரை உள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே. 35-இல் என்ன எழுதினாலும் வெளியே எதுவும் வராது, கம்பைலரும் வாயைத் திறக்காது. டிசி லோ என்றால் வருவது கட்டளை, ஹை என்றால் தரவு. அந்த பின் அந்தரத்தில் தொங்கினால் நீங்கள் அனுப்பும் கட்டளை எதையும் ஐஎல்ஐ9341 கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. வெள்ளைத் திரை என்பது பேக்லைட் மட்டும் எரிகிறது, கன்ட்ரோலர் இன்னும் தூக்கத்தில் இருக்கிறது என்பதற்கான அடையாளம். பேக்லைட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் சம்பந்தமே இல்லை. வெள்ளை வந்ததால் பாதி வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது மிசோ, அதாவது திரையிலிருந்து போர்டுக்குத் தரவு வரும் வயர். ஜிபிஐஓ 12 (போர்டின் 12-ஆம் எண் பின்) ஒரு ஸ்ட்ராப்பிங் பின், பூட் ஆகும்போது சிப் தன் அமைப்பைத் தீர்மானிக்கப் படிக்கும் பின். பூட் ஆகும் நொடியில் அது ஹையாக இருந்தால், ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் முடிவு செய்துவிடும். டெவ் போர்டில் இருப்பதோ 3.3 வோல்ட் ஃபிளாஷ். அதனால் பூட் ஆகாது. திரையின் எஸ்டிஓ அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்குச் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடுவதில்லை. 0, 2, 5, 12, 15 ஐந்தும் இதே வகை. வேறு பின் காலியாக இருக்கும்போது இவற்றைத் தொடாதீர்கள். 6 முதல் 11 வரை உள்ளவை ஃபிளாஷுக்கே போகின்றன, அவற்றில் வயர் போடவே கூடாது.

மூன்றாவது, எல்இடியை நேராக ஜிபிஐஓவில் கொடுத்திருப்பது. அதை அடுத்து வருபவர் சொல்லட்டும்.

இப்படி மாற்றுங்கள்: எஸ்சிகே 18, மோசி 23, மிசோ 19, சிஎஸ் 27, டிசி 26, ரீசெட் 33. பின்னால் டச் சேர்க்கும்போது டச் சிஎஸ்ஸுக்கு (எந்த சிப்போடு பேசுகிறோம் என்று தேர்ந்தெடுக்கும் பின், லோ என்றால் தேர்வு) 25. டச் சிப்பான எக்ஸ்பிடி2046-இன் டிஓவை அதே மிசோவில் சேர்க்கும் நாளில், டச் பயன்படுத்தாத நேரத்திலும் அதன் சிஎஸ் ஹையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சிப்பும் ஒரே வயரில் பேசும். டச்சுக்கு எஸ்பிஐ வேகம் 2.5 மெகாஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டாம்.

லைப்ரரியின் யூசர் செட்டப் கோப்பில் இந்த எண்கள் மாற வேண்டும். ஸ்கெட்சில் மாற்றினால் பலிக்காது. அந்தக் கோப்பு லைப்ரரி ஃபோல்டருக்குள் இருப்பதால், அப்டேட் செய்தால் பழையபடி ஆகிவிடும். ஒரு பிரதியை ப்ராஜெக்ட் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை முதலில் 10 மெகாஹெர்ட்ஸ் என்று போடுங்கள். 40 என்று பல உதாரணங்களில் இருக்கும். ஐஎல்ஐ9341 டேட்டாஷீட் சீரியலில் எழுதுவதற்குச் சொல்லும் குறைந்தபட்ச சுழற்சி நேரம் 100 நானோவினாடி, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ். 40-இல் பெரும்பாலும் ஓடுகிறது என்பது வேறு விஷயம். 20 செ.மீ. வயரும் பிரெட்போர்டும் சேர்ந்தால் அந்த "பெரும்பாலும்" சுருங்கிவிடும்.

மாற்றிய பிறகும் வெள்ளையே என்றால், லைப்ரரியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு குட்டி ஸ்கெட்ச் எழுதுங்கள். சிஎஸ், டிசி, ரீசெட், எஸ்சிகே, மோசி ஐந்தையும் சாதாரண வெளியீடாக வைத்து, 2 வினாடிக்கு ஒருமுறை ஹை, லோ என மாற்றுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் திரையின் ஜிஎன்டியில் வைத்து, சிவப்பு முனையால் திரைப் பக்க ஹெடரில் ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள். 0, 3.3 என்று மாறி மாறி வர வேண்டும். இஎஸ்பி பக்கம் அளந்தால் வயர் அறுந்திருப்பதும் பிரெட்போர்டு கிளிப் தளர்ந்திருப்பதும் தெரியாது. அதனால்தான் திரைப் பக்கம் அளக்கச் சொல்கிறேன்.

அதுவும் சரி என்றால் ஐடியைப் படியுங்கள். லைப்ரரியில் அதற்கான உதாரணம் இருக்கிறது. ஹெக்ஸ் டி3 கட்டளைக்கு 00 93 41 வந்தால் அசல் ஐஎல்ஐ9341. ஹெக்ஸ் 04-க்கு 85 85 52 வந்தால் உள்ளே இருப்பது எஸ்டி7789, டிரைவரை மாற்றினால் போதும். எல்லாம் 00 அல்லது எல்லாம் எஃப்எஃப் என்றால் மிசோ வயரைப் பாருங்கள். போர்டின் முதுகில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

---

ஓம்விதி:

பேக்லைட் பற்றி.

இந்த அளவுத் திரையில் வழக்கமாக நான்கு வெள்ளை எல்இடிகள் பக்க இணைப்பில் இருக்கும். முழு வெளிச்சத்துக்கு 80 மில்லி ஆம்பியர் வரை கேட்கும். இஎஸ்பி32-இன் ஒரு பின்னிலிருந்து 40 மில்லி ஆம்பியர் என்பதே உச்ச வரம்பு, அதுவும் தொடர்ந்து எடுக்கக் கூடாது. மங்கலாக எரிகிறது என்றீர்களே, பின்னின் மின்னழுத்தம் சரிந்துதான் அப்படி.

சில போர்டுகளில் எல்இடி பின்னுக்குப் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும், சிலவற்றில் வெறும் மின்தடைதான். எது என்று கண்டுபிடிக்க, எல்இடி பின்னை மல்டிமீட்டர் வழியாக (மில்லி ஆம்பியர் அளவில்) 3.3 வோல்ட்டில் கொடுத்துப் பாருங்கள். ஓரிரு மில்லி ஆம்பியர் என்றால் டிரான்சிஸ்டர் இருக்கிறது, ஜிபிஐஓவில் நேராகக் கொடுக்கலாம். பத்துக்கணக்கில் ஓடினால் கூடாது.

பலரும் இந்த இடத்தில் என்-சேனல் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்றைத் தரைப் பக்கம் போடப் பார்ப்பார்கள். இந்த போர்டில் அது முடியாது. எல்இடிகளின் கேத்தோடு உள்ளேயே ஜிஎன்டியில் சேர்ந்திருக்கிறது, வெளியே வருவது ஆனோடு மட்டும். ஆகவே மேல்பக்க ஸ்விட்ச்: ஏஓ3401 போன்ற பி-சேனல் மாஸ்ஃபெட், சோர்ஸ் 3.3 வோல்ட்டுக்கு, டிரெயின் எல்இடி பின்னுக்கு, கேட் 100 ஓம் வழியாக ஜிபிஐஓ 32-க்கு, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 10 கிலோஓம். லோ கொடுத்தால் எரியும், ஹை கொடுத்தால் அணையும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்வது) 5 கிலோஹெர்ட்ஸ் போதும். சோர்ஸை 5 வோல்ட்டில் கொடுத்துவிடாதீர்கள். 3.3 வோல்ட் ஜிபிஐஓவால் அதை முழுதாக அணைக்க முடியாது, கேட்டில் 1.7 வோல்ட் மீதி நின்று அரைகுறையாக எரிந்துகொண்டே இருக்கும்.

அந்த 10 கிலோஓமால் இன்னொரு லாபம்: பவர் வந்த நொடியில் பேக்லைட் அணைந்தே இருக்கும். முதல் படத்தை வரைந்து முடித்த பிறகு எரியவிட்டால் அந்த வெள்ளை மின்னல் வாடிக்கையாளர் கண்ணில் படாது.

விசிசி பற்றி ஒரு வார்த்தை. போர்டின் முதுகில் ஜே1 என்று ஒரு சாலிடர் ஜம்பர் இருக்கும். அது திறந்திருந்தால் விசிசி ஒரு ரெகுலேட்டர் வழியாகப் போகிறது, 5 வோல்ட் கொடுப்பதே சரி. 3.3 கொடுத்தால் உள்ளே அதைவிடக் குறைவாகவே போய்ச் சேரும். ஜே1 மூடியிருந்தால் 3.3 மட்டும், அதில் 5 கொடுத்தால் திரை போச்சு. இரண்டு நிலையிலும் சிக்னல் வயர்கள் 3.3 வோல்ட்தான். ஆர்டுயினோ ஊனோ மாதிரி 5 வோல்ட் போர்டில் மாட்டுபவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். அங்கே 74எல்விசி245 அல்லது சிடி4050 என்ற மின்னழுத்த மாற்றி சிப் நடுவில் வேண்டும். பிஎஸ்எஸ்138 வைத்த நான்கு வழி மாற்றிகள் ஐ2சிக்கு ஏற்றவை, எஸ்பிஐ வேகத்துக்குத் தாங்காது.

---

புதுச்சுற்று:

டிசி, மிசோ, சிஎஸ், ரீசெட் நான்கையும் மாற்றியதும் படம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பூட் ஆகிறது. பேக்லைட்டுக்கு ஏஓ3401 போட்டாயிற்று. மிக்க நன்றி.

இப்போது மூன்று கேள்விகள்.

1. லைப்ரரி எழுதும் எழுத்துகளில் நிறம் சரி. ஆனால் நான் கணினியில் மாற்றிக் கொண்டுவந்த லோகோவில் சிவப்பு நீலமாகத் தெரிகிறது.
2. வினாடிக்கு நான்கு முறை வெப்பநிலையைப் புதுப்பிக்கும்போது திரை முழுதும் சிமிட்டுகிறது. ஒவ்வொரு முறையும் முழுத்திரையையும் கறுப்பாக்கிவிட்டு மறுபடி எழுதுகிறேன்.
3. ரிலே ஆஃப் ஆகும்போது எப்போதாவது திரை வெள்ளையாகிவிடுகிறது. நிரல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பட்டன் அழுத்தினால் ரிலே வேலை செய்கிறது. பவரை எடுத்துக் கொடுத்தால்தான் படம் திரும்புகிறது. ரிலேயின் காயிலுக்கு (சுருளுக்கு) குறுக்கே டையோடு இருக்கிறது. காண்டாக்டில் ஒரு சின்ன மோட்டார்.

---

டேட்டாஷீட்தாசன்:

முதல் கேள்விக்கு: "சிவப்பு நீலமாகிறது" என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், அதற்கு இரண்டு காரணம் உண்டு. பச்சையைப் பாருங்கள்.

பச்சை பச்சையாகவே இருந்து, சிவப்பும் நீலமும் மட்டும் இடம் மாறினால், ஆர்ஜிபி/பிஜிஆர் வரிசை தவறு. ஹெக்ஸ் 36 கட்டளையின் 3-ஆம் பிட், லைப்ரரியில் ஒரு வரி.

பச்சை சிவப்பாகவும், சிவப்பு நீலமாகவும், நீலம் பச்சையாகவும் சுற்றினால், பைட் வரிசை தவறு. 16 பிட் நிறத்தில் சிவப்பு என்பது ஹெக்ஸ் எஃப்800. இரண்டு பைட்டும் இடம் மாறினால் 00எஃப்8. அதைச் சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 பிட் என்று பிரித்தால் சிவப்பில் 0, பச்சையில் 7, நீலத்தில் 24. அதுதான் நீலமாகத் தெரிகிறது. திரை மேல் பைட்டை முதலில் எதிர்பார்க்கிறது, இஎஸ்பி32 மெமரியில் கீழ் பைட் முதலில் இருக்கிறது. லைப்ரரி எழுத்துகளுக்குத் தானே மாற்றிக்கொள்கிறது, படத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டும். "ஸ்வாப் பைட்ஸ்" என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். உங்களுக்கு எழுத்து சரியாக வந்து படம் மட்டும் கெடுவதால், இதுவாகத்தான் இருக்கும்.

கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரிந்தால் அது மூன்றாவது கதை: இன்வெர்ஷன். ஐபிஎஸ் (எந்தக் கோணத்திலிருந்தும் நிறம் மாறாத வகை) பேனல் வைத்த எஸ்டி7789 திரைகளுக்கு வழக்கமாக ஹெக்ஸ் 21 கட்டளை தேவைப்படும்.

---

பிக்சல்பித்தன்:

இரண்டாவது கேள்வி என் பக்கம்.

கணக்கு இதுதான். 240×320×2 = 1,53,600 பைட். 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழுத்திரைக்குக் குறைந்தது 123 மில்லிவினாடி, 40-இல் 31. கறுப்பாக்குவது ஒரு முறை, எழுதுவது அதற்குப் பிறகு. அந்த நடுவில் உள்ள கறுப்பைத்தான் கண் சிமிட்டலாகப் பார்க்கிறது. வேகத்தைக் கூட்டினால் சிமிட்டல் குறையும், போகாது.

முழுத்திரையை அழிப்பதை முதலில் நிறுத்துங்கள். சட்டம், தலைப்பு, கோடுகள் எல்லாம் பூட் ஆகும்போது ஒரே முறை. பிறகு எண் மாறினால் மட்டும், எண் இருக்கும் இடத்தை மட்டும் தொட வேண்டும். எழுத்து நிறத்தோடு பின்னணி நிறத்தையும் கொடுத்தால் பழைய எழுத்தின் மேலேயே புதியது எழுதப்படும், அழிக்கும் வேலை தனியாக இல்லை. 100.2 போய் 99.8 வரும்போது பழைய எண்ணின் வால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அகலத்தை நிலையாக வைத்து வலப்பக்கம் ஒட்டி எழுதுங்கள்.

பெரிய அழகான எழுத்து வேண்டும் என்றால் ஸ்பிரைட். 160×48 அளவில் ஒன்று எடுத்தால் 15,360 பைட். மெமரியில் எழுதி முடித்து ஒரே மூச்சில் திரைக்குத் தள்ளினால் சிமிட்டவே சிமிட்டாது. முழுத்திரைக்கும் ஒரு ஸ்பிரைட் எடுத்துவிடலாமே என்று தோன்றும். பிஎஸ்ரேம் (கூடுதல் வெளி ரேம்) இல்லாத இஎஸ்பி32-இல் மொத்த ரேம் 520 கிலோபைட் என்றாலும் 1,53,600 பைட்டைத் தொடர்ச்சியாக ஒரே துண்டாகத் தருவது அரிது. ஸ்பிரைட் உருவாக்கும் அழைப்பு வெற்றியா என்று பார்க்காமல் விட்டால் திரை காலியாக இருக்கும், காரணமும் தெரியாது.

தமிழ் எழுத்து பற்றி நீங்கள் முதல் பதிவில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் முடியும் வேலை இல்லை, இப்போதே திட்டமிடுங்கள். எழுத்துரு கோப்பில் தமிழைச் சேர்த்து "வெப்பம்" என்று அச்சிட்டால் வ முதலில் வந்து, ஒற்றைக் கொம்பு அதன் வலப்பக்கம் நிற்கும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. கணினியிலும் ஃபோனிலும் ஷேப்பிங் செய்யும் மென்பொருள் அதை முன்னால் கொண்டுவருகிறது. மைக்ரோகன்ட்ரோலர் லைப்ரரிகளில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. எல்விஜிஎல் என்ற திரை லைப்ரரியில் அரபு, பாரசீக எழுத்துக்கு வசதி உண்டு, தமிழுக்கு இல்லை.

உங்கள் கருவிக்கு இரண்டு வழி.

வாசகங்கள் நிலையானவை, மாறுவது எண் மட்டும் என்றால் ("வெப்பநிலை", "செட் அளவு", "ரிலே இயங்குகிறது"), கணினியில் சரியாக எழுதி 1 பிட் படமாக மாற்றிக்கொள்ளுங்கள். 120×24 பிக்சலுக்கு 360 பைட். 40 வாசகம் என்றாலும் 14,400 பைட்தான். இந்தக் கருவிக்கு இதுவே போதும் என்பேன்.

வாசகம் வெளியிலிருந்து வரும் என்றால் வரிசை மாற்றும் நிரலை நீங்களே எழுத வேண்டும். பயப்பட வேண்டாம், தமிழ் மற்ற இந்திய எழுத்துகளை விட எளிது. உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, புள்ளி வைத்தது 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, தனியாக நிற்கும் குறிகள் நான்கு (ா ெ ே ை). கிரந்தத்தில் ஜ ஷ ஸ ஹ க்ஷ ஐந்துக்கும் அதே ஆறு வடிவம், 30. ஸ்ரீ ஒன்று. ஆக 156 வடிவம். 24×24-இல் 1 பிட் என்றால் 11,232 பைட். நிரல் செய்ய வேண்டியது: மெய்க்குப் பின் ெ, ே, ை வந்தால் குறியை முதலில் வரை. ொ வந்தால் ெ, மெய், ா. ோ வந்தால் ே, மெய், ா. ௌ வந்தால் ெ, மெய், பிறகு ள வடிவம். க்ஷவும் ஸ்ரீயும் பல குறியீடுகள் சேர்ந்தவை, அவற்றை முதலில் சோதியுங்கள். சிலர் தட்டும் உரையில் ொ என்பது ெ, ா என இரண்டு குறியீடாக வரும், அதையும் முன்னாலேயே ஒன்றாக்குங்கள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். ஆகவே 10 எழுத்துக்கு 10 பைட் என்று பஃபர் ஒதுக்கினால் நடுவில் அறுந்துவிடும்.

---

ஓம்விதி:

மூன்றாவது கேள்விதான் இந்தத் திரியில் முக்கியமானது. மேசையில் ஓடுகிற முன்மாதிரி விற்கிற பொருளாகும்போது முதலில் விழும் இடம் இதுதான்.

நடப்பது: ரிலே காண்டாக்ட் பிரியும் நொடியில் மோட்டாரின் சுருள் தன் மின்னோட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது, காண்டாக்டில் பொறி பறக்கிறது. அந்த அதிர்வு உங்கள் 20 செ.மீ. வயர்களில் ஏறுகிறது. ரீசெட் வயரில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தாலே போதும், திரையின் கன்ட்ரோலர் ரீசெட் ஆகித் தூங்கிவிடும். இஎஸ்பிக்கு எதுவும் ஆவதில்லை, அது தூங்கும் திரையிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

முதலில் எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் ஒரு நூறு முறை ஆன்-ஆஃப் செய்யும் ஸ்கெட்ச் ஓட்டுங்கள். அப்போதும் வெள்ளையானால் காயில், பவர் சப்ளை பக்கம். மோட்டார் இருந்தால் மட்டும் வெள்ளையானால் காண்டாக்ட் பொறி. காயிலில் டையோடு இருப்பதாகச் சொல்வதால் இரண்டாவதன் மேல்தான் எனக்குச் சந்தேகம். காயில் டையோடு காயிலை மட்டும் கவனிக்கும், காண்டாக்டில் நடப்பது அதற்குத் தெரியாது.

காண்டாக்ட் பக்கம் என்றால்: ஏசி மோட்டாருக்கு 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் தொடரில் சேர்ந்த ஸ்நப்பர் (பொறியை அடக்கும் சுற்று), காண்டாக்டுக்குக் குறுக்கே. கெபாசிட்டர் எக்ஸ்2 (மெயின்ஸில் போடுவதற்கென்றே உள்ள) வகையாகவே இருக்க வேண்டும், வேறு எதையும் மெயின்ஸில் போட வேண்டாம். ரிலே ஆஃபில் இருக்கும்போதும் இதன் வழியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 7 மில்லி ஆம்பியர் கசியும். மோட்டாருக்கு அது ஒன்றுமில்லை. சின்ன எல்இடி விளக்கு என்றால் மினுக்மினுக்கென்று எரியும். காண்டாக்ட் ஆஃபில் இருந்தாலும் மோட்டார் முனையில் மின்சாரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கை வையுங்கள். நேர்மின்சார (டிசி) மோட்டார் என்றால் மோட்டார் முனைகளிலேயே டையோடு.

காயில் பக்கம் என்றால்: சாதாரண 5 வோல்ட் ரிலே காயில் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும், இஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும்போது அதன் பல மடங்கு. ரிலேக்கும் லாஜிக்குக்கும் வயர்கள் சப்ளையிலிருந்தே தனித்தனியாகப் பிரிய வேண்டும், ஜிஎன்டியும் அப்படியே. ரிலே அருகில் 470 மைக்ரோஃபாரட், திரையின் விசிசி அருகில் 10 மைக்ரோஃபாரட்டும் 100 நானோஃபாரட்டும்.

திரைப் பக்கம்: ரீசெட் பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோஓம், ஜிஎன்டிக்கு 100 நானோஃபாரட், இரண்டும் திரைக்கு ஒட்டி. எஸ்சிகே, மோசி இரண்டிலும் இஎஸ்பி அருகில் 33 ஓம். எஸ்சிகே வயரோடு ஒரு ஜிஎன்டி வயரை முறுக்கி விடுங்கள். வயர் 10 செ.மீ.க்குள். மெயின்ஸ் வயர் திரை வயருக்கு இணையாக ஓடக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும் நூற்றில் ஒரு முறை விழத்தான் செய்யும். அதற்கு நிரலில் ஒரு காவல் வையுங்கள். 2 வினாடிக்கு ஒருமுறை ஹெக்ஸ் 0ஏ கட்டளையால் பவர் நிலையைப் படியுங்கள். எல்லாம் சரி என்றால் 9சி வரும். தூங்கிப்போயிருந்தால் 08. 9சி அல்லாத எதுவும் வந்தால் ரீசெட் பின்னை 10 மில்லிவினாடி லோவில் வைத்து, விட்டு, 120 மில்லிவினாடி பொறுத்து, தொடக்கக் கட்டளைகளை மறுபடி அனுப்பி, முழுத்திரையையும் ஒருமுறை வரையுங்கள். மிசோ வயர் வேண்டும் என்பது இதற்குத்தான். அதோடு ரீசெட்டை இஎஸ்பியின் ஈஎன் பின்னோடு (இஎஸ்பியையே ரீசெட் செய்யும் பின்) சேர்த்துக் கட்டிவிடாமல் தனி ஜிபிஐஓவில் வைத்திருப்பதும் இதற்குத்தான். ஆனால் இந்தக் காவலை மட்டும் போட்டுவிட்டு ஸ்நப்பரை விட்டுவிடாதீர்கள். இன்று திரையைத் தட்டுகிற பொறி நாளை சென்சார் அளவீட்டைத் தட்டும்.

---

கேஸ்கெட்:

கொஞ்சம் மாற்றுக் கருத்து. மூன்று எண் காட்டும் கருவிக்கு 240×320 வண்ணத் திரை எதற்கு? எஸ்டி7565 வகை 128×64 கறுப்பு-வெள்ளை எல்சிடி போதும். முழுத்திரையே 1,024 பைட், 1 மெகாஹெர்ட்ஸில்கூட 8 மில்லிவினாடியில் முடிந்துவிடும். மெதுவான எஸ்பிஐ என்றால் இரைச்சலுக்கும் தாங்கும், வெயிலிலும் படிக்கலாம். அதே அளவு ஓஎல்இடி (எஸ்எஸ்டி1306) பார்க்க அழகு, ஆனால் நாள் முழுதும் ஒரே எண் ஒரே இடத்தில் நிற்கும் கருவியில் அந்த இடம் மங்கி, தடம் பதியும். கட்டுப்பாட்டுக் கருவிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

---

பிக்சல்பித்தன்:

@கேஸ்கெட், பொதுவாகச் சரிதான். ஆனால் அவருக்குத் தமிழ் வேண்டும். 64 பிக்சல் உயரத்தில் 24 பிக்சல் தமிழ் வரி இரண்டு போட்டால் எண்ணுக்கு 16 பிக்சல்தான் மிச்சம். 16 பிக்சலுக்குக் கீழே தமிழை எழுதினால் ணவும் னவும் குழம்பும். 240×128 கறுப்பு-வெள்ளை என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

---

புதுச்சுற்று:

மோட்டாரைக் கழற்றிச் சோதித்தேன், ஒருமுறைகூட வெள்ளையாகவில்லை. ஸ்நப்பர் போட்டதும் மோட்டாரோடும் வெள்ளையாகவில்லை. 0ஏ படித்தால் 9சி வருகிறது. பைட் வரிசை மாற்றியதும் லோகோவும் சரி. வண்ணத் திரையோடே தொடர்கிறேன்.

கடைசியாக ஒன்று. அடுத்து பிசிபி போடப் போகிறேன். இதே சிவப்பு போர்டை ஹெடரில் செருகுவதா, வெறும் பேனலை வாங்கி எஃப்பிசி (வளையும் பட்டை வயர்) கனெக்டரில் மாட்டுவதா?

---

கேஸ்கெட்:

ஐந்து பத்து கருவி என்றால் சிவப்பு போர்டே போதும். அதற்கு மேல் என்றால் வெறும் பேனல். சிவப்பு போர்டில் அடுத்த தொகுதி வரும்போது துளை இடைவெளி ஒரு மில்லிமீட்டர் நகரலாம், உள்ளே கன்ட்ரோலரே மாறியிருக்கலாம், யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பெட்டியின் ஜன்னலோ ஏற்கெனவே வெட்டியாயிற்று. பேனல் என்றால் வரைபடமும் பின் விவரமும் உள்ள டேட்டாஷீட்டை வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். நிரலில் ஐடியைப் படித்து 9341-க்கு ஒன்று, 7789-க்கு ஒன்று எனத் தொடக்கக் கட்டளைகளைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்தால் மாற்றுப் பேனல் வந்தாலும் சமாளிக்கலாம்.

பேனலில் நீங்கள் கவனிக்க வேண்டியவை. ஐஎம்0 முதல் ஐஎம்3 வரை உள்ள பின்கள்தான் எஸ்பிஐயா பேரலலா என்று தீர்மானிக்கும், அவற்றை டேட்டாஷீட் சொல்லும்படி கட்டாமல் விட்டால் மறுபடி வெள்ளைத் திரைதான். பேக்லைட்டின் ஆனோடு, கேத்தோடு இரண்டும் வெளியே வரும். மின்தடை நீங்கள்தான் போட வேண்டும், நான்கு கேத்தோடும் தனித்தனியாக வந்தால் நான்கு மின்தடை. இப்போது ஏஓ3400 போல ஒரு என்-சேனலைத் தரைப் பக்கம் போடலாம்.

பார்வைத் திசையைக் கேளுங்கள். டிஎன் எனும் சாதாரண எல்சிடி பேனலில் 6 மணித் திசை, 12 மணித் திசை என்று இருக்கும், தவறான பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் கவிழ்ந்துவிடும். சுவரில் கண்மட்டத்துக்கு மேல் மாட்டும் கருவியா, மேசையில் கிடக்கும் கருவியா என்பதைப் பொறுத்து இது மாறும். ஐபிஎஸ் எடுத்தால் இந்தக் கவலை இல்லை.

எஃப்பிசி கனெக்டரில் பிட்ச் மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். தொடுமுனை மேலே உள்ளது, கீழே உள்ளது என இரண்டு வகை. பேனலின் வால் பிசிபிக்குப் பின்பக்கம் மடிந்து வருமா, நேராக வருமா என்பதைப் பொறுத்து 1-ஆம் பின் எந்த ஓரம் என்பதே மாறும். வரைபடத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, பேனலை அதன் மேல் வைத்து, வாலை உண்மையில் மடித்து, தங்கப் பட்டைகள் கனெக்டரின் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகு பிசிபி ஆர்டர் கொடுங்கள். கனெக்டருக்குப் பக்கத்திலேயே எஸ்சிகே, மோசி, டிசி, சிஎஸ், ரீசெட் ஐந்துக்கும் 1 மில்லிமீட்டர் டெஸ்ட் பேடு வையுங்கள். 0.5 மில்லிமீட்டர் பிட்ச்சில் மல்டிமீட்டர் முனையை வைத்தால் பக்கத்து பின்னையும் சேர்த்துத் தொடும்.